மலைச்சாலையும் வண்டியின் பின் அச்சும்

கோட்டயத்திலிருந்து குமுளிக்குச் செல்லும் நெடுஞ்சாலை முண்டக்கயத்தைக் கடந்ததும் மலையேறத் தொடங்குகிறது. பெருவந்தானம், குட்டிக்கானம் ஆகிய இடங்களைத் தாண்டிப் பீர்மேட்டை அடையும்போது, கடல் மட்டத்துக்குமேல் சற்றொப்ப 3,000 அடி உயரத்துக்கு நாம் வந்துவிடுகிறோம். ஒருபுறம் பாறைச் சுவர். மறுபுறம் மூடுபனி நிரம்பிய பள்ளத்தாக்கு. நெடுஞ்சாலையை விட்டு விலகித் தேயிலைத் தோட்டங்களுக்குள் நுழைந்தாலோ, தார் கண்டறியாத கற்பாதைகள்; மழைக்காலத்தில் அவை ஓடைகளாகவே மாறிவிடுவதும் உண்டு. லயங்களில் வாழும் தொழிலாளர் குடும்பங்களுக்கு அரிசி மூட்டை வருவதும், நள்ளிரவில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்வதும் இப்பாதைகளின் வழியாகவே. இங்கே நெடுங்காலமாக மக்களுக்குக் கைகொடுத்து வரும் வண்டி ஜீப் ஆகும்.

உழைப்புக்கென்று வந்த இந்த வண்டி, இன்று விளையாட்டுக்கும் உரியதாகிவிட்டது. பீர்மேடு தாலுகாவைச் சேர்ந்த வாகமண் குன்றுகளில் கரடுமுரடான பாதையில் வண்டியோட்டும் விளையாட்டில் இளைஞர் பலர் ஈடுபட்டு வருகின்றனர். பழைய ஜீப்பில் வலிவு மிகுந்த புதிய எஞ்சினைப் பொருத்துகின்றனர். உயர்ந்த, அகன்ற டயர்களை மாட்டுகின்றனர். இவ்வளவும் செய்து முடித்த பின்னர் ஒரு கேள்வி எழுகிறது: “முன்பக்கத்தில் ஆற்றலைக் கூட்டிவிட்டோம், இதனைப் பின் அச்சு தாங்குமா? பழைய அச்சை எடுத்துவிட்டுப் பெரியதொன்றை வைக்கவேண்டுமா?”

இதற்குப் பட்டறைகளில் இரண்டு விடைகள் கிடைக்கின்றன. “பழைய இரும்பு எதையும் தாங்கும், தொடாதே” என்பது ஒன்று. “பெரியதாகப் போட்டுவிடு, பிறகு கவலையில்லை” என்பது மற்றொன்று. இரண்டும் ஆராயாமல் கூறும் விடைகள். பின் அச்சு செய்யும் வேலை யாது, அதன்மீது வந்து விழும் சுமை எவ்வளவு, அது முறிந்தால் நேர்வது என்ன என்னும் மூன்றையும் அறிந்துகொண்டால், விடையை நாமே கண்டுகொள்ளலாம்.

மாட்டுவண்டியின் அச்சைப் பாருங்கள். அது சுமையைத் தாங்குகிறது, அவ்வளவே. வண்டியை இழுப்பது மாடு. மோட்டார் வண்டியின் பின் அச்சோ, சுமையையும் தாங்கி, இழுக்கும் வேலையையும் செய்கிறது. எஞ்சினிலிருந்து நீளவாட்டில் சுழன்று வரும் தண்டின் முனையில் பினியன் என்னும் சிறு பற்சக்கரம் உள்ளது. அது கிரௌன் என்னும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. சுழற்சியின் திசை இங்கே திரும்புகிறது. வேகம் குறைந்து முறுக்கு விசை கூடுகிறது. கிரௌன் சக்கரத்தோடு இணைந்த டிபரென்ஷியல் என்னும் அமைப்பு, அவ்விசையை இடத்துக்கும் வலத்துக்குமாகப் பங்கிடுகிறது. பங்கினை வாங்கிச் சக்கரங்களுக்குக் கொடுப்பவை இரண்டு எஃகுத் தண்டுகள். ஆக்ஸில் ஷாப்ட் என்று பட்டறைகளில் வழங்குவது இத்தண்டையே. இவையனைத்தையும் உள்ளடக்கிய இரும்புக் கூட்டினை அச்சுக்கூடு எனலாம்.

டிபரென்ஷியலின் இயல்பை இங்கே சற்று நினைவிற் கொள்ளவேண்டும். வளைவில் திரும்பும்போது வெளிச் சக்கரம் மிகுந்த தொலைவும் உட்சக்கரம் குறைந்த தொலைவும் ஓடுகின்றன. இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடுவதற்கென்று, 1820-களில் பெக்கர் என்னும் பிரெஞ்சுக்காரர் நீராவி வண்டிக்காக இதனை அமைத்தார். அருமையான அமைப்புத்தான், ஆயினும் ஒரு குறையுண்டு. இரண்டு சக்கரங்களுக்கும் சம அளவான விசையையே அது கொடுக்கும். ஒரு சக்கரம் சேற்றில் பிடிப்பின்றிச் சுழலுமாயின், மறு சக்கரத்துக்கும் அவ்வளவு சிறிய விசையே கிட்டும். இக்குறை, பின்னர் நாம் காணவிருக்கும் பெரியதொரு ஆபத்துக்கு வேராக உள்ளது.

இனிச் சுமையைக் கணக்கிடுவோம். 1953-இல் வில்லிஸ் நிறுவனம் வெளியிட்ட ஸிஜே-3பி என்னும் ஜீப்பை எடுத்துக்கொள்வோம். உயர்ந்த முகப்புள்ள இவ்வண்டியின் வழிவந்தவற்றை மஹீந்திரா நிறுவனம் நம் நாட்டில் நெடுங்காலம் செய்துவந்தது. இதன் பெட்ரோல் எஞ்சின் 72 குதிரைச் சக்தி உடையது. அது தரும் உச்ச முறுக்கு விசை சற்றொப்ப 154 நியூட்டன்-மீட்டர். முதல் கியரில் இவ்விசை ஏறத்தாழ 2.8 மடங்காகிறது, பின் அச்சில் மேலும் 5.38 மடங்காகிறது. இரண்டையும் பெருக்கினால் 15 மடங்கு. ஆகவே சாதாரண முதல் கியரில் பின் அச்சுக்கு வந்து சேரக்கூடியது சுமார் 2,300 நியூட்டன்-மீட்டர்.

வந்து சேரும் விசை முழுவதையும் அச்சு தாங்கியே தீரவேண்டுமா? இல்லை. டயர் வழுக்கிவிட்டால் விசை அதற்குமேல் ஏறுவதில்லை. ஆள்களும் மூட்டைகளும் ஏறிய வண்டியில், பின் சக்கரங்களின்மீது 900 கிலோகிராம் எடை இருப்பதாகக் கொள்வோம். உலர்ந்த சாலையில் டயரின் பிடிப்பு எடையில் பத்தில் எட்டுப் பங்கு எனவும், சக்கரத்தின் ஆரம் 36 சென்டிமீட்டர் எனவும் வைத்துக்கொண்டால், சக்கரங்கள் வழுக்காமல் ஏற்கக்கூடிய விசை சுமார் 2,600 நியூட்டன்-மீட்டர் ஆகும். எஞ்சின் தரக்கூடியது 2,300. டயர் ஏற்கக்கூடியது 2,600. பழைய ஜீப்பின் எஞ்சினும் டயரும் ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒத்து அமைந்துள்ளன என்பது இதனால் விளங்கும். ஈரமண்ணில் பிடிப்பு பாதியாகக் குறையும்போது 1,300-க்குள்ளாகவே சக்கரம் வழுக்கிவிடும். ஆகவே டயரே அச்சுக்குக் காவலாக நிற்கிறது.

இப்போது, இதே வண்டியில் 300 நியூட்டன்-மீட்டர் தரும் இக்கால எஞ்சின் ஒன்றைப் பொருத்தியதாக எண்ணுவோம். 2020-இல் வெளிவந்த ‘தார்’ வண்டியின் எஞ்சின்கள் ஏறத்தாழ இவ்வளவு விசையுடையவை. 15 மடங்காகப் பெருக்கினால் 4,500 வருகிறது. “சுமை இருமடங்காகிவிட்டது, அச்சை மாற்றியே ஆகவேண்டும்” என்று பலர் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். ஆனால் டயரை மாற்றவில்லை என்றால், பழைய 2,600-லேயே அது வழுக்கிவிடும். எஞ்சின் இருமடங்கு வலிவு பெற்றாலும், அச்சின்மீது விழும் உச்சச் சுமை 2,300-இலிருந்து 2,600-க்கு, அதாவது எட்டில் ஒரு பங்களவே உயர்கிறது.

டயரை மாற்றும்போது கதை வேறாகிறது. ஆரம் 42 சென்டிமீட்டராக உயர்ந்து, நல்ல டயரின் பிடிப்பு எடையில் பத்தில் ஒன்பது பங்காகவும் ஆகுமானால், டயர் ஏற்கும் விசை 3,400 நியூட்டன்-மீட்டராகிறது. முன்னிருந்ததைவிட நூற்றுக்கு முப்பது பங்கு மிகுதி. ஆகவே அச்சின் கேள்விக்கு விடை எஞ்சினைவிட டயரிடத்திலேயே மிகுதியாக உள்ளது. எஞ்சினை வலிவாக்கியவர் அச்சைப் பற்றிக் கவலைப்படுகிறார். டயரை மட்டும் பெரிதாக்கியவர் கவலையின்றி இருக்கிறார். உண்மையில் இருவரும் தங்கள் கவலையை மாற்றிக்கொள்ள வேண்டியவர்கள்.

இக்கணக்கு, சீராகச் செலுத்தும் வண்டிக்குப் பொருந்துவது. சேற்றில் வீணே சுழன்றுகொண்டிருக்கும் சக்கரம் திடீரென ஒரு பாறையைப் பற்றும்போது நேர்வது வேறு. சுழலும் எஞ்சினிலும் கியர்களிலும் தேங்கியிருக்கும் ஆற்றல் முழுவதும் ஒரு கணத்தில் தண்டின்மீது மோதுகிறது. அவ்வேளையில் எழும் விசை, நாம் கண்ட எண்களை எளிதில் விஞ்சிவிடும். அச்சுகள் பலவும் முறிவது இத்தகைய மோதலால்தான். இதற்குப் பரிகாரம் பெரிய அச்சு என்பதைவிட, பொறுமையான கால் என்பதே பொருத்தமாகும். சக்கரம் சுழலத் தொடங்கியதும் காலை எடுத்துவிடுபவரின் அச்சு பல்லாண்டு உழைக்கும்.

டிபரென்ஷியலைப் பூட்டும் அமைப்பினைச் சேர்க்கும்போதும் கணக்கு மாறுகிறது. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும் மறு சக்கரம் வண்டியை இழுக்கும் என்பது பூட்டின் பெருமை. ஆனால் அவ்வேளையில் பின்பாரம் முழுவதும் ஒரே சக்கரத்தின்மீது இறங்குவதால், இரண்டு தண்டுகள் பகிர்ந்துகொண்ட விசையை ஒரே தண்டு சுமக்க நேர்கிறது. தண்டின் பங்கு இருமடங்காகலாம். பூட்டு வேண்டுவோர் தண்டின் வலிவைப் பற்றி முதலில் எண்ணவேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

இதுவரை சொன்னது ஏற்றத்தின் கணக்கு. சமவெளியில் பந்தய வண்டி வைத்திருப்போருக்கு இதுவே போதுமானது. பீர்மேட்டுக்காரருக்கு இது பாதிக் கணக்குதான். மலையில் ஏறிய வண்டி இறங்கியாகவேண்டும். மறு பாதி அங்கே இருக்கிறது.

1,500 கிலோகிராம் எடையுள்ள வண்டி, குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயத்தை நோக்கி 900 மீட்டர் உயரம் இறங்குவதாகக் கொள்வோம். அப்போது அது விடுக்கும் ஆற்றல் ஏறத்தாழ 45 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. இவ்வெப்பத்தில் ஒரு பகுதியைக் காற்றும் டயர்களும் ஏற்கின்றன. எஞ்சியதைக் கால் பிரேக்குகளே ஏற்குமாயின் அவை காய்ந்து பிடிப்பிழந்துவிடும். அதனாலன்றோ, எந்தக் கியரில் ஏறுகிறோமோ அதே கியரில் இறங்கவேண்டும் என்று மலைச்சாலை ஓட்டுநர்கள் விதி வகுத்துள்ளனர்! இறங்கும்போது எஞ்சினே வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிறது. அப்பிடிப்பு எந்த வழியாகச் சக்கரத்தை அடைகிறது? பின் அச்சின் வழியாகத்தான். ஆகவே மலையில் பின் அச்சு என்பது வண்டியை ஓட்டும் கருவி மட்டுமன்று. அது ஒரு பிரேக்கும் ஆகும்.

அந்த அச்சின் ஒரு தண்டு இறக்கத்தில் முறிந்துவிட்டால் என்ன ஆகும்? டிபரென்ஷியலின் குறையை இப்போது நினைவுகூர்வோம். முறிந்த பக்கம் தடையின்றிச் சுழலும். ஆகவே முறியாத பக்கத்துக்கும் விசை கிட்டாது. எஞ்சினின் பிடிப்பு அக்கணமே மறைந்துவிடும். கைப்பிரேக்கைப் பற்றலாம் என்றால், பழைய வில்லிஸ் வகை ஜீப்புகளில் அது சக்கரங்களில் வேலை செய்வதில்லை. கியர்ப்பெட்டியின் பின்புறத்தில், நீளத் தண்டினைப் பிடித்து நிறுத்துகிறது. அப்பிடிப்பும் பின் அச்சின் வழியாகவே சக்கரத்தை அடையவேண்டும். ஆதலால் அதுவும் பயனற்றதாகிவிடுகிறது. எஞ்சியது கால் பிரேக் ஒன்றே.

அதுவேனும் நிலைக்குமா என்பது, தண்டு எந்த இடத்தில் முறிகிறது என்பதையும் அச்சு எவ்வகையைச் சேர்ந்தது என்பதையும் பொறுத்தது. அச்சுகளில் இரு வகையுண்டு. லாரிகளில் உள்ளதுபோல் சக்கரத்தின் குடம் தனிப் பேரிங்குகளின்மீது அச்சுக்கூட்டிலேயே அமர்ந்திருப்பது ஒரு வகை. அங்கே எடையைத் தாங்குவது கூடு. தண்டுக்குச் சுழற்றும் வேலை மட்டுமே. இதனை முழு மிதப்பு அச்சு என்பர். தண்டு முறிந்தாலும் சக்கரம் தன் இடத்திலேயே நிற்கும். மற்றொரு வகையில், குடம் தண்டின் முனையிலேயே மாட்டப்பட்டிருக்கிறது. தண்டு சுழற்றவும் வேண்டும், எடையைத் தாங்கவும் வேண்டும். இது அரை மிதப்பு அச்சு. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் பின் அச்சு முழு மிதப்பு வகையைச் சேர்ந்தது. போருக்குப் பின் பொதுமக்களுக்கென்று வந்த ஜீப்புகளில் அரை மிதப்பு அச்சு இடம்பெற்றது.

அரை மிதப்பு அச்சில் தண்டு வெளிமுனையில் முறிந்தால், சக்கரமும் குடமும் பிரேக் டிரம்மும் ஒருங்கே கழன்று போகலாம். டிரம் இல்லாத நிலையில் ஓட்டுநர் பிரேக்கை மிதித்தால், பிரேக் கட்டைகள் தடையின்றி விரியும். சிலிண்டரிலுள்ள பிஸ்டன்கள் வெளியே வந்து, பிரேக் எண்ணெய் கொட்டிவிடும். பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்றுதான். ஆகவே முன் பிரேக்கும் போய்விடும். எஞ்சின் பிடிப்பு, கைப்பிரேக், கால் பிரேக் என்னும் மூன்று காவல்களும் ஒரு தண்டின் முறிவால் ஒருங்கே வீழ்கின்றன. பின் அச்சைப் பற்றிய முடிவு உண்மையில் எதைப்பற்றிய முடிவு என்பது இப்போது தெளிவாகும். ஏறும் வேகத்தைக் கூட்டுவதா என்பதைவிட, இறங்கும்போது எது நம்மைக் காக்கும் என்பதே முதற்கேள்வி.

தண்டு திடீரென்று முறிவதுபோல் தோன்றினாலும், பெரும்பாலும் அது நெடுநாள் நோயின் முடிவேயாகும். அரை மிதப்புத் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை வளைந்து நிமிர்கிறது. 36 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரம் ஒரு கிலோமீட்டரில் சுமார் 440 முறை சுழலும். 100 கிலோமீட்டரில் 44,000 முறை. கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல் ஒன்று, ஒவ்வொரு சுற்றிலும் இம்மியளவாக வளர்ந்து, ஒருநாள் தண்டினை இரண்டாக்கிவிடுகிறது. அளவுமீறிய பாரத்தால் அச்சு முறிவதை வள்ளுவர் உவமையாக எடுத்தாண்டது, இத்தகைய சிறுகச் சிறுகச் சேரும் சுமைக்கும் நன்கு பொருந்தும். ஏற்றத்தில் பிறந்த கீறல் இறக்கத்தில் முறிவாக முடியலாம். சக்கரத்தை வெளியே தள்ளிவைக்கும் இடைவளையங்களும், வெளிப்புறம் மிகவும் துருத்தும் அகன்ற ரிம்களும் இவ்வளைவைப் பெரிதாக்குகின்றன. அழகுக்காக அவற்றை மாட்டுவோர் தண்டின் ஆயுளைக் குறைத்துக்கொள்கின்றனர்.

ஆகவே முதற்படி, உள்ளதை ஆராய்தல். அச்சை மாற்றலாமா என்று எண்ணுவதற்கு முன்னர், பழைய தண்டுகளை வெளியே எடுத்துப் பார்க்கவேண்டும். வரிப்பற்கள் முறுக்கிக்கொண்டு ஒருபுறம் சாய்ந்திருந்தால், தண்டு தன் எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். கூம்பு வடிவான முனையில் குடத்தை மாட்டும் அமைப்பாயின், கூம்பின் பரப்பையும் சாவி பொருந்தும் பள்ளத்தையும் கூர்ந்து நோக்கவேண்டும். பெரும்பாலான கீறல்கள் அப்பள்ளத்தின் மூலையிலிருந்தே தொடங்குகின்றன. கீறலைக் காட்டும் சாயத்தைப் பூசிச் சோதிப்பது நலம். குடத்தின் திருகை, தயாரிப்பாளர் கைந்நூலில் சொன்ன அளவுக்கு இறுக்குவது இன்றியமையாதது. காட்டர் பின் நுழையும் துளை நேராக வரவில்லையென்று திருகைச் சற்றே தளர்த்துவது பெருந்தவறு. மேலும் இறுக்கியே துளையை நேராக்கவேண்டும். ஆயில் சீல் கசிந்து, பிரேக் டிரம்முக்குள் எண்ணெய் சென்றிருக்கிறதா என்பதையும், அச்சுக்கூடு வளைந்திருக்கிறதா என்பதையும், வில்பட்டையின் யூ-போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்பதையும் அதே வேளையில் பார்த்துவிடலாம்.

இரண்டாம் படி, தண்டுகளை மட்டும் மாற்றுதல். தண்டின் முறுக்கு வலிவு அதன் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி வளர்கிறது. விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினால் வலிவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். பெரிய டயரால் வந்த முப்பது பங்குச் சுமையை ஈடுசெய்ய அவ்வளவே போதும் என்பது காண்க. விட்டத்தைக் கூட்ட இடமில்லாதபோது, அதே அளவில் உயர்ந்த கலப்பு எஃகினாற் செய்து நன்கு பதப்படுத்திய தண்டுகளைத் தேர்ந்துகொள்ளலாம். கூம்பு முனையும் தனிக் குடமும் உள்ள பழைய அமைப்புக்குப் பதிலாக, குடத்தின் விளிம்பும் தண்டும் ஒரே துண்டாக அடித்துச் செய்யப்பெற்ற தண்டுகளும் உண்டு. சாவிப் பள்ளம் என்னும் நோய்க்கிடமே அவற்றில் இல்லை. பெரும்பாலான வண்டிகளுக்கு இவ்விரண்டாம் படியோடு வேலை முடிந்துவிடுகிறது.

மூன்றாம் படி, முழு மிதப்புக்கு மாற்றுதல். மிகுந்த பாரம் ஏற்றுவோர்க்கும், போட்டிகளில் வண்டியைக் கடுமையாக வருத்துவோர்க்கும், டிபரென்ஷியலைப் பூட்டுவோர்க்கும் இது தக்கது. இதன் சிறப்பு, முறியாதிருப்பதன்று. முறிந்தாலும் சக்கரத்தையும் டிரம்மையும் விட்டுக்கொடுக்காதிருப்பது. கால் பிரேக் நம் வசமே இருக்கும். முன்சக்கர இயக்கம் உள்ள வண்டியாயின், முறிந்த தண்டை உருவிவிட்டு முன்சக்கரங்களால் மெல்ல வீடு சேரவும் கூடும்.

முழு அச்சையும் மாற்றுவது கடைசிப் படி. அமெரிக்க நாட்டுப் பந்தய வண்டிகளில், போர்டு நிறுவனம் 1957-இல் கொண்டுவந்த 9 அங்குல அச்சு பெயர்பெற்றது. அங்கே அதனைப் பிற வண்டிகளில் பொருத்துவது வழக்கமாகிவிட்டது. அவ்வண்டிகள் பின்சக்கரத்தால் மட்டும் ஓடுபவை. நான்கு சக்கர இயக்கமுள்ள ஜீப்பில் அத்துணை எளிதன்று. புதிய பின் அச்சின் பல் விகிதமும் முன் அச்சின் விகிதமும் ஒன்றாக இருத்தல் வேண்டும். வேறுபட்டால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்து, இடைக் கியர்ப்பெட்டியைச் சிதைத்துவிடும். அச்சின் அகலம், வில்பட்டை அமரும் இடம், பினியன் நோக்கும் கோணம், நீளத் தண்டின் அளவு ஆகிய யாவும் மாறும். பின் பிரேக் பெரிதானால் முன் பிரேக்கோடு இருந்த சமநிலையும் மாறும். ஈரச்சாலையில் பின்சக்கரங்கள் முந்திப் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடக்கூடும். அச்சின் எடை வில்பட்டைக்குக் கீழே இருப்பதாகையால், அது கூடக்கூடச் சக்கரம் பள்ளமேடுகளைத் தொட்டுச் செல்லும் திறன் குறைகிறது. கற்பாதையில் வண்டி துள்ளுகிறது. வலிவுக்கென்று வாங்கிய எடை, பிடிப்பைத் தின்றுவிடுகிறது.

மேலும், சங்கிலியின் ஒரு கண்ணியை வலிவாக்கினால் முறிவு அடுத்த கண்ணிக்கு நகர்கிறதேயன்றி மறைவதில்லை. தண்டுகள் வலிவுற்றால் பினியனின் பல் உடையலாம். அதுவும் வலிவுற்றால் நீளத் தண்டின் இணைப்பு உடையலாம். ஆதலால் அறிவுடையோர், எதுவுமே முறியாத வண்டியை நாடுவதில்லை. முறிந்தால் எது முறியவேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்கின்றனர். நீளத் தண்டின் இணைப்பு முறிந்தால் எஞ்சின் பிடிப்புப் போய்விடும். ஆயினும் சக்கரங்கள் நிற்கும், கால் பிரேக்கும் நிற்கும். வெளித்தண்டு முறிந்தாலோ அவையும் நிற்பதில்லை. உயிரைக் காக்கும் உறுப்பே மிக வலிவானதாக இருத்தல் வேண்டும்.

இக்கால வண்டிகளில் இவ்வச்சம் பெரிதும் குறைந்துள்ளது. கைப்பிரேக் பின்சக்கரங்களிலேயே வேலை செய்கிறது. பிரேக் எண்ணெயும் இரு தனிச் சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ‘தார்’ வண்டியில் 2015 முதலே டிபரென்ஷியலைத் தானே பூட்டிக்கொள்ளும் அமைப்பு கிடைத்து வந்தது. இத்தகைய வண்டியை வாங்கி, டயரின் அளவை மாற்றாமல் ஓட்டுவோர்க்குப் பின் அச்சை மாற்றவேண்டிய தேவை எழுவது அரிது.

சட்டத்தையும் மறந்துவிடலாகாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலிற் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதி செய்தது. அதே ஆண்டில் வந்த திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தேய்ந்த தண்டினை எடுத்துவிட்டு அதே இனத்துப் புதிய தண்டை வைப்பது பழுதுபார்த்தலாகும். வேற்று வண்டியின் அச்சையோ எஞ்சினையோ பொருத்துவது அத்தகையதன்று. அவ்வாறு எண்ணுவோர், பணத்தைச் செலவிடுமுன்னர் வண்டிப்பெரியாற்றிலுள்ள துணை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டறிவதும், காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவிப்பதும் கடமையாகும். விபத்து நேர்ந்தபின் இழப்பீடு மறுக்கப்படுமானால், துன்புறுவது வண்டிக்காரர் மட்டுமல்லர். வழியிற் சென்றவரின் குடும்பமும் துன்புறும்.

இறங்குமுறை பற்றி ஒரு சொல். கற்பாதையிலோ சேற்றிலோ செங்குத்தாக இறங்கும்போது, நான்கு சக்கர இயக்கத்தை இணைத்துத் தாழ்ந்த கியரில் இறங்குவது நன்று. அப்போது பின் தண்டு ஒன்று முறிந்தாலும், முன் அச்சின் வழியாக எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பழைய வகைக் கைப்பிரேக்கும் முன் சக்கரங்களின் வழியாகப் பயன்படும். உலர்ந்த தார்ச்சாலையில் மட்டும் இம்முறை கூடாது. அங்கே இரு அச்சுகளும் வளைவுகளில் ஒன்றோடொன்று பிணங்கி உறுப்புகளைத் தேய்த்துவிடும். இவ்வொரு பழக்கத்துக்குச் செலவு ஏதுமில்லை.

ஆகவே, பின் அச்சை மாற்றுவதா என்று கேட்போர் தமக்குத் தாமே சில வினாக்களை எழுப்பிக்கொள்ளட்டும். டயரைப் பெரிதாக்கினோமா? டிபரென்ஷியலைப் பூட்டினோமா? பாரத்தைக் கூட்டினோமா? மூன்றுக்கும் இல்லை என்பதே விடையானால், எஞ்சின் எத்துணை வலிவுற்றிருந்தாலும், நல்ல தண்டுகளும் பேரிங்குகளும் பிரேக்குகளும் இருந்தாற் போதும். ஒன்றுக்கேனும் ஆம் என்பது விடையானால், தண்டுகளை மாற்றுவோம். பலவற்றுக்கும் ஆம் என்றால், முழு மிதப்பை நாடுவோம். முழு அச்சு மாற்றத்தை, கணக்கும் சட்டமும் இடங்கொடுத்தால் மட்டுமே மேற்கொள்வோம். சிகரத்தை எட்டும் வேகத்தைப் பிறர் வியக்கலாம். லயத்திலிருந்து நோயாளியை ஏற்றிக்கொண்டு மழையிரவில் மலையிறங்கும் வண்டிக்கோ, கடைசி வளைவு வரையில் சக்கரமும் பிரேக்கும் உடன்வருவதே வேண்டற்பாலது.